மாரி தொடங்க முதல் கார்ல ஒரு பை கட்டி வைங்க

ஒரு மாரியில நாங்க கொழும்பில இருந்து மட்டக்களப்புக்கு வந்துட்டு இருந்தம், கதுறுவெலை தாண்டி மன்னம்பிட்டிக்குக் கிட்ட வரக்குள்ள இரவு ஒன்பது மணி இருக்கும், முன்னால ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடுது, வாகனமெல்லாம் வரிசையா நிக்குது. கார்ல மாமி, சின்னவள், அரைப் போத்தல் தண்ணி, போன்ல சார்ஜ் 9 வீதம். வேற ஒண்டும் இல்ல. ஒரு மணித்தியாலம் போனதும் பிள்ளை பசியில அழத் தொடங்கிட்டு, மாமிக்குக் குளிருது, அப்ப மனசு சொல்லுது பாருங்க, "மெதுவா போனா போயிரலாம்" எண்டு. பின்னுக்கு நிண்ட லொறிக்காரர் இறங்கி வந்து வேணாம் எண்டு மறிச்சு, பிஸ்கட்டும் பிளாஸ்கில இருந்த சுடுதண்ணியும் தந்தார். விடியும் வரைக்கும் இருந்தம்.

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கின, கார்ல வைக்கிற சாமான் தண்ணியக் கடக்கிறதுக்கு இல்ல, கடக்காம காத்திருக்கிறதுக்கு. பசி, இருட்டு, சார்ஜ் இல்லாத போன், இந்த மூண்டும்தான் ஆக்களத் தண்ணிக்குள்ள தள்ளுது. 2024 நவம்பர் 26ல காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டில மதரசாப் பிள்ளைகள ஏத்தி வந்த உழவு மெஷினையே வெள்ளம் இழுத்துட்டுப் போன, அந்தப் பிள்ளையள நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. உழவு மெஷினுக்கே அந்த நிலமை எண்டா நம்மட வேகன்ஆர், அக்குவா மாதிரிச் சின்னக் காரெல்லாம் என்ன செய்யும்? ஓடுற தண்ணி அரை அடி இருந்தா ஆளையே விழுத்தும், ஒரு அடி இருந்தா சின்னக் கார் மிதக்கத் தொடங்கிரும், ரெண்டு அடி எண்டா வேன், ஜீப்பையும் தூக்கிரும்.

கனடாவில இருக்கிற எங்கட மச்சான் பனிக்காலம் வர முதல் கார்ல போர்வை, சவள், டோர்ச், சாப்பாடு எல்லாம் போட்டு வைப்பார். அவங்களுக்குப் பனி, நமக்கு வெள்ளம், ஆனா யோசினை ஒண்டுதான். இஞ்ச ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் இந்தப் பை கார்ல இருக்கணும்.

முதல்ல தண்ணி. ஆளுக்கு ரெண்டு லீட்டர் எண்டு கணக்குப் பாருங்க, வெயில்ல சூடேறுற போத்தல மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. சாப்பாட்டுக்கு அடுப்புத் தேவைப்படாதது வேணும், பிஸ்கட், பேரீச்சம்பழம், கச்சான். எனக்குப் பிடிச்சது சமபோஷ எண்டு கடையில விக்கிற சத்துமா, கொஞ்சம் தண்ணி விட்டுப் பிசைஞ்சா பிள்ளையளும் சாப்பிடும், வயசானவங்களும் சாப்பிடுவாங்க. கைப்பிள்ளை இருந்தா பால்மா, பிளாஸ்க், பம்பஸ். மறுகா மருந்து, இதுல கனபேர் விடுற பிழை, பனடோலும் பிளாஸ்டரும் போட்டுட்டு, சீனி, பிரஷர் குளிசை போடுற அம்மாட குளிசைய வீட்டில விட்டுட்டு வாறது. ரெண்டு நாளைக்குரியத ஒரு சின்ன டப்பாவில போட்டு எடுத்துட்டு வாங்க. வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி ரெண்டு பைக்கட், நுளம்புக்குப் பூசுற கிறீம்.

நனைஞ்சா குளிர் நல்லாப் பிடிக்கும். ரெண்டு பெட்சீட், ஆளுக்கொரு துவாய், சாரம், மாத்துடுப்பு, எல்லாத்தையும் பொலித்தீன் பேக்கில இறுக்கிக் கட்டி வைங்க. ஒரு சின்னப் படங்கும் கயிறும் இருந்தா மழைக்குள்ள டயர் மாத்தக்குள்ள உதவும்.

டோர்ச் ரெண்டு வேணும், ஒண்டு தலையில மாட்டுறது. போன் சார்ஜர் கார்லயே இருக்கட்டும், பவர் பேங்க மட்டும் பகல் வெயில்ல கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, பயணத்துக்கு எடுத்துட்டு வாங்க. கரண்ட் போனா ஏடிஎம்மும் இல்ல, அதால கொஞ்சம் காசு, லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சிப் பேக்கில. ஒரு பேப்பர்ல 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், வீட்டு நம்பர் எல்லாம் எழுதி வைங்க, போன் செத்தா அடுத்தவர்ட போன்ல எடுக்க நம்பர் பாடமில்லையே.

வாகனத்துக்கு எண்டா ஜக், வீல் பிரேஸ், ஜம்பர் வயர், இழுக்கிற கயிறு, முக்கோண ரிஃப்ளெக்டர். ஆனா இப்ப ஓடுற ஹைபிரிட் கனத்துல ஸ்பெயார் வீலே இல்ல, பஞ்சர் கிட் மட்டும்தான் இருக்கு, உங்கட கார்ல எது இருக்கு எண்டு இண்டைக்கே டிக்கியத் திறந்து பாருங்க. ஸ்பெயார் இருந்தா அதுக்குக் காத்தும் பாருங்க. ஹைபிரிட்ல செம்மஞ்சள் நிற வயர் போற இடத்துல கை வைக்கவே வேணாம். புனானை, வெலிக்கந்தைப் பக்கம், இல்லாட்டி அம்பாறை மகா ஓயா ரோட்டில இரவில நிண்டா, இறங்க முதல் நாலு பக்கமும் டோர்ச் அடிச்சுப் பாருங்க, யானை நிக்கிற இடம் அது.

இன்னொரு சாமான், கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல், பெல்ட் வெட்டுற கத்தியோட சேர்த்து வரும். அத டிக்கியில போட்டு வேலையில்ல, சாரதிட கைக்கு எட்டுற இடத்துல மாட்டணும். கார் தண்ணிக்குள்ள போனா பவர் ஜன்னல் வேலை செய்யாமப் போகும், அதுக்கு முதல் ஜன்னலத் திறந்து வெளிய வரணும். ஏலாட்டி பக்கக் கண்ணாடிட மூலையில அடிங்க, முன் கண்ணாடி உடையாது, அதுல நேரத்த விடாதீங்க.

தண்ணியில என்ஜின் நிண்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள தண்ணி ஏறியிருந்தா பிஸ்டனோட சேர்ந்த கம்பி (கனெக்டிங் ரொட்) வளைஞ்சு என்ஜினே முடிஞ்சிரும். தள்ளி மேட்டுக்கு எடுத்து கராஜ்காரரக் கூப்பிடுங்க. காத்திருக்கக்குள்ள ஏசி போட்டுட்டுப் படுக்க நினைச்சா சைலன்சர் குழாய் தண்ணிக்கு மேல இருக்கா எண்டு பாருங்க, அடைபட்டா விஷவாயு உள்ள வந்திரும், அதுக்கு மணமே இருக்காது. கனடாவில மச்சானும் பனி அந்தக் குழாய அடைச்சிட்டா எண்டுதான் முதல்ல பாக்கிற.

வெளிக்கிட முதல் டேங்க் அரைக்கு மேல இருக்கணும், வைப்பர் ரப்பரும் டயர்ட கட்டையும் பாருங்க. போற வழியில இருக்கிற ஆக்களுக்கு ஒருக்கா கோல் எடுத்துக் கேளுங்க, உன்னிச்சைக் குளத்திட வான்கதவு திறந்திருக்கா, கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டில வள்ளம் ஓடத் தொடங்கிட்டா எண்டு. வள்ளம் ஓடுது எண்டா அந்தப் பக்கம் காரத் திருப்பவே வேணாம்.

நாங்க எங்கட பைய பின் சீட்டுக்குக் கீழ வைக்கிறம், டிக்கியில இல்ல, மழையில இறங்காமலே கை நீட்டி எடுக்கலாம். சின்னவளுக்கும் எங்க இருக்கு எண்டு தெரியும். பிஸ்கட் பைக்கட்ட மட்டும் அவள் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா முடிச்சிருவாள், நாங்க திரும்ப வாங்கி வைக்கிறம்.