டூல்பாக்ஸ் லைசன்ஸ் இல்லாமல் எஃப்.பி.ஜி.ஏ. ஃபில்டர்

எஃப்.பி.ஜி.ஏ.-வில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) ஒரு டிஜிட்டல் ஃபில்டர் செய்ய வேண்டும். மேட்லாப் (கணக்கீட்டு மென்பொருள்) இருக்கிறது, அதன் கூடுதல் பொதிகளான சிக்னல் பிராசஸிங் டூல்பாக்ஸும் ஃபிக்ஸட் பாயின்ட் டிசைனரும் இல்லை. அதனால் ஃபிர்பிஎம் (ஃபில்டரை வடிவமைக்கும் ஃபங்ஷன்), ஃபை (எண்களைக் குறிப்பிட்ட பிட் அளவுக்கு மாற்றும் ஃபங்ஷன்) இரண்டும் ஓடாது. பயப்பட ஒன்றுமில்லை, ஃபில்டர், கான்வ், எஃப்எஃப்டி மூன்றும் அடிப்படை மேட்லாப்பிலேயே உண்டு.

ஃபில்டரின் கோஎஃபிஷியன்ட்டுகளை (பெருக்கு எண்கள்) பைத்தானின் சைபை நூலகத்திலுள்ள ரெமெஸ் ஃபங்ஷன் மூலம் எடுத்தேன். சிக்கல் வருவது இங்கேதான்: ஃபிர்பிஎம்முக்கு ஆர்டர் 62 என்றால் ரெமெஸுக்கு டேப் (கோஎஃபிஷியன்ட்) எண்ணிக்கை 63. ஃபிர்பிஎம்மில் நைக்விஸ்ட் (சாம்பிள் வேகத்தில் பாதி) 1. ரெமெஸில் எஃப்எஸ் (சாம்பிள் வேகம்) 48000 என்று கொடுத்து ஹெர்ட்ஸிலேயே எழுதலாம். விரும்பும் கெயினும் பேண்டுக்கு (அதிர்வெண் பட்டைக்கு) ஒன்றுதான், விளிம்புக்கு ஒன்றல்ல.

ஃபைக்குப் பதில்: 32768-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, 32767-இல் கிளிப். கிளிப்பை விட்டால் 1.0 என்ற மதிப்பு 16 பிட்டில் −32768 ஆகிவிடும். பைத்தானின் நம்பை நூலகத்தில் இன்ட்64-க்கு மாற்றிவிட்டுப் பெருக்குங்கள்; இன்ட்16 அணிகள் சத்தமில்லாமல் நிரம்பி வழியும்.

16 பிட் டேட்டா, 16 பிட் கோஎஃபிஷியன்ட், 63 டேப்: அக்குமுலேட்டருக்கு (பெருக்கல் விடைகளைக் கூட்டிச் சேர்க்கும் ரெஜிஸ்டர்) 16+16+6 = 38 பிட் போதும். எஃப்.பி.ஜி.ஏ.-வின் பெருக்கிக் கூட்டும் பகுதியான டிஎஸ்பி48-இன் 48 பிட்டில் தாராளமாக அடங்கும். 15 பிட் வலப்பக்கம் நகர்த்தும் முன் 16384 கூட்டுங்கள், இல்லையேல் அவுட்புட்டில் அரை எல்எஸ்பி (கடைசி பிட்டின் மதிப்பில் பாதி) அளவுக்கு டிசி சாய்வு, அதாவது மாறாத விலகல், நிற்கும்.

வெரிலாக்கில் (சிப்பின் சுற்றை எழுதும் மொழி) ஒரே ஒரு ஆப்பரண்டில் சைன்ட் (குறை எண்ணும் உண்டு என்ற குறிப்பு) விட்டுப்போனாலும் முழுப் பெருக்கலும் அன்சைன்டாகிவிடும். பிடிக்க எளிய வழி, இன்புட்டாக ஒற்றை 1, பிறகு பூஜ்யங்கள்: நகர்த்தலுக்கு முன் அக்குமுலேட்டரில் 63 கோஎஃபிஷியன்ட்டும் வரிசையாக, அச்சு அசலாக வர வேண்டும்.