பிபிசி மைக்ரோவின் டியூப்பில் ராஸ்பெர்ரி பை: இணைச்செயலியில் அசெம்பிளி ஓட்டுவது

1981-இல் வந்த பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 40 முனை இணைப்பு ஒன்று இருக்கும். அதுதான் டியூப், கணினியோடு இரண்டாவது செயலி ஒன்றை (இணைச்செயலியை) சேர்க்கும் வழி. அந்நாளில் இந்தக் கணினியைச் செய்த ஏகார்ன் நிறுவனம் விற்ற, 3 மெகாஹெர்ட்ஸ் 6502 சில்லு கொண்ட இணைச்செயலிப் பெட்டியை இதில்தான் செருகினார்கள். இன்று அந்த வேலையை ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சிறு கணினியும் பை டியூப் டைரக்ட் என்ற இலவச மென்பொருளும் செய்துவிடுகின்றன.

நடுவில் ஒரு மின்னழுத்த மாற்றிப் பலகை கட்டாயம். டியூப் 5 வோல்ட், பையின் கால்கள் 3.3 வோல்ட், நேராக இணைத்தால் பை போய்விடும். மாற்றிப் பலகை பிபிசியின் 5 வோல்ட்டையே பைக்கும் கொடுப்பதாக இருந்தால், யுஎஸ்பி வழியே இன்னொரு மின்சாரம் கொடுக்காதீர்கள். கேபிளைச் செருகுவது, கழற்றுவது எல்லாம் கணினியை அணைத்த பிறகுதான். எஸ்டி அட்டைக்கு லினக்ஸ் எதுவும் வேண்டாம்: ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, மென்பொருள் ஜிப்பில் உள்ள கோப்புகளை மேல்மட்டத்தில் போட்டால் போதும்.

கணினியைப் போட்டதும் திரையில் ஏகார்ன் டியூப் 6502 64கே என்று வர வேண்டும். வரவில்லையா? முதலில் கன்ட்ரோலோடு பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பை எழுவதற்குள் பிபிசி டியூப்பைத் தேடி முடித்திருக்கலாம். அப்படியும் வராவிட்டால் ரோமை, அதாவது நிரல் நிரந்தரமாகப் பதிந்த சில்லைச் சந்தேகியுங்கள். பிபிசியின் மாடல் பி-யில் டியூப்பைக் கவனிக்கும் நிரல் டிஎன்எஃப்எஸ் என்ற வட்டு ரோமில் இருக்கிறது, பழைய டிஎஃப்எஸ் 0.90-இல் இல்லை. பின்னால் வந்த மாஸ்டர் 128-இல் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் *கான்ஃபிகர் டியூப், *கான்ஃபிகர் எக்ஸ்டியூப் இரண்டையும் கொடுத்துவிட்டு மறுபடி கன்ட்ரோல்-பிரேக் அழுத்த வேண்டும்.

இனி உங்கள் முன் இருப்பது இரண்டு கணினி, இரண்டு நினைவகம். பேசிக் மொழியும் உங்கள் அசெம்பிளி நிரலும் பையில் ஓடுகின்றன. விசைப்பலகை, திரை, வட்டு எல்லாம் பழைய 2 மெகாஹெர்ட்ஸ் 6502-இன் கையில். டியூப்பில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

சோதித்துப் பார்க்கலாம். மோட் 7 என்ற திரை வகையில் திரையின் நினைவகம் 31744-இல் தொடங்குகிறது. அதிலிருந்து 500 தள்ளி, 32244 என்ற முகவரி, திரையின் நடுப்பகுதி. இணைச்செயலி இல்லாத பிபிசியில் ?32244=65 என்று அடித்தால் நடுவில் ஏ எழுத்து தோன்றும். இணைச்செயலியோடு அடித்தால் ஒன்றும் தோன்றாது. 65 போய் உட்கார்ந்தது பையின் 32244-இல். அங்கே பேசிக்கின் அடுக்கு (ஸ்டாக்) 32768-இலிருந்து கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆழமாக அழைக்கும் நிரலாக இருந்தால் பிழைச்செய்தி கூட வராமல் கெட்டுப்போகும்.

பிபிசி பக்கம் எழுத, 65521-இல் உள்ள ஓஎஸ்வேர்ட் என்ற இயங்குதளச் செயலை 6 என்ற எண்ணோடு அழைக்க வேண்டும். அதற்குக் கொடுப்பது நான்கு பைட் முகவரி, ஐந்தாவதாக எழுத வேண்டிய பைட். (இங்கே தமிழில் இருப்பதை விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள்.)

10 மோட் 7
20 டிம் கே% 4, எம்% 60
30 !கே%=-33292:கே%?4=65
40 ஃபார் ஐ%=0 டு 2 ஸ்டெப் 2
50 பி%=எம்%
60 [ஆப்ட் ஐ%
70 எல்டிஎக்ஸ் #கே% மாட் 256
80 எல்டிஒய் #கே% டிவ் 256
90 எல்டிஏ #6
100 ஜேஎஸ்ஆர் 65521
110 ஆர்டிஎஸ்
120 ]
130 நெக்ஸ்ட்
140 கால் எம்%

20-ஆம் வரியில் 4 என்று போட்டால் 0 முதல் 4 வரை ஐந்து பைட் கிடைக்கும். -33292 என்பது 32244-இலிருந்து 65536-ஐக் கழித்தது. அப்படிச் செய்தால் முகவரியின் மேல் இரண்டு பைட்டும் 255 ஆகும், டியூப் வழக்கில் அது பிபிசி பக்கத்து நினைவகத்தைக் குறிக்கும். 10-ஆம் வரியை விட்டுவிடாதீர்கள்: திரை ஒருமுறை உருண்டுவிட்டால் 32244 நடுவில் இருக்காது.

ஒவ்வொரு பைட்டையும் இப்படி அனுப்பினால் முழுத் திரையை வரைய நேரமெடுக்கும். எழுத்துகளை அச்சிட 65518-இல் உள்ள ஓஎஸ்ரைட்சியே நல்லது. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும். டியூப்பில் அதற்கென்று 24 பைட் வரிசையும் உண்டு. கணக்குப்போடும் பகுதி பறக்கும், அச்சிடும் பகுதி பழைய வேகத்தில்தான் போகும். அதில் பைமேல் குறை சொல்ல முடியாது.

வேகமே சில சமயம் தொல்லை. தொடக்கத்தில் ஓடும் 0-ஆம் இணைச்செயலி பையின் முழு வேகத்தில் ஓடும் 65சி02, 6502-இன் மேம்பட்ட வடிவம். வெறும் சுற்றை எண்ணிக் காத்திருக்கும் பழைய நிரல்கள் அதில் தறிகெட்டு ஓடும். *எஃப்எக்ஸ் 151,230,1 கொடுத்துப் பிரேக்கை அழுத்தினால் அசல் பெட்டியின் 3 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். சொந்த நிரலில் சுற்றை எண்ணாமல் ஓஎஸ்பைட் 19-ஐக் கொண்டு திரைத் துடிப்புக்குக் காத்திருங்கள்.

65சி02-இல் எஸ்டிஇஸட், பிஆர்ஏ போன்ற கூடுதல் கட்டளைகள் உண்டு, ஆனால் பேசிக் 2-இன் அசெம்பிளருக்கு அவை தெரியாது. எஸ்டிஇஸட் 112 வேண்டுமென்றால் ஈக்யூபி 100, அடுத்து ஈக்யூபி 112 என்று பைட்டாகவே போடுங்கள். பிஆர்ஏ-வின் பைட் 128. பேசிக் 1-இல் ஈக்யூபி-யே கிடையாது. எது இருக்கிறது என்று பார்க்க, போட்டவுடன் ரிப்போர்ட் என்று அடியுங்கள், 1982 என்று வந்தால் பேசிக் 2. பூஜ்யப் பக்கத்தில் (நினைவகத்தின் முதல் 256 பைட்டில்) 112 முதல் 143 வரை உங்களுடையது. 238 முதல் மேலே உள்ளதை டியூப் பயன்படுத்துகிறது, தொடாதீர்கள்.

பெரிய லாபம் இடம்தான். வட்டோடு உள்ள மாடல் பி-யில் மோட் 0 போட்டால் பேசிக்குக் கிடைப்பது 6400 முதல் 12288 வரை, ஆறாயிரம் பைட்கூட இல்லை. இணைச்செயலியில் எந்த மோட் ஆனாலும் 2048 முதல் 32768 வரை, முழு 30 கிலோபைட்.

பையின் சொந்தச் செயலி வகையான ஆர்மின் அசெம்பிளி மீது ஆசை இருந்தால், மேலே சொன்ன *எஃப்எக்ஸ் கட்டளையில் 1-க்குப் பதில் 15 கொடுங்கள். நிரல் அந்தச் செயலியிலேயே நேராக ஓடும். 1985 ஏப்ரல் 26-இல் முதல் ஆர்ம் சில்லு உயிர்பெற்றதும் ஒரு பிபிசி மைக்ரோவின் இணைச்செயலியாகத்தான். அந்தக் கால 26 பிட் நிரல்கள், அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ஆர்15 பதிவேட்டிலேயே கொடிகளையும் (நிலை பிட்களையும்) வைத்திருக்கும்; துணைநிரலிலிருந்து திரும்பும்போது மூவ்எஸ் கட்டளை கொண்டு கொடிகளை மீட்கும் இடத்தில் 15-ஆம் இணைச்செயலியில் நின்றுவிடும். அவற்றை ஆர்ம்2 சில்லைப் போலவே நடிக்கும் 12-ஆம் இணைச்செயலியில் ஓட்டுங்கள்.