கட்டணத்தைக் குறைக்கக் கேட்டால்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

மாதச் சம்பளம் இல்லாமல் தனியாகப் பணி எடுத்துச் செய்பவர்கள் (ஃப்ரீலான்சர்கள்) ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும், முன்பணம் கேட்க வேண்டும் என்பவற்றை இப்போது எல்லோரும் அறிவார்கள். ஆனால் வாடிக்கையாளர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும்போது எங்கே மறுப்பது என்பதில்தான், நாங்கள் அன்று இடறிய அதே இடங்களில் புதிதாக வருபவர்களும் இடறுகிறார்கள்.

அடிமட்டக் கட்டணம் தெரியாமல் பேரம் பேசுவது

வாரத்துக்கு 40 மணி வீதம் 52 வாரங்களுக்கு 2,080 மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வகுப்பது சம்பளக்காரரின் கணக்கு. விடுப்பு, நோய், வேலை தேடுதல், பில் அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலைதல் ஆகியவை போகக் காசாகும் நேரம் 1,200 மணிதான் என்றால், வரி, காப்பீடு, கருவிச் செலவு உட்பட ஆண்டுத் தேவை முழுவதையும் அந்த 1,200 மணியே ஈட்டித்தர வேண்டும். ஆண்டுத் தேவையை 1,200ஆல் வகுத்தால் வருவதே ஒரு மணிக்கான அடிமட்டக் கட்டணம். அதற்குக் கீழே இறங்கும் தொகையை யோசிக்காமல் மறுக்கலாம்.

"இந்த ஒரு முறை மட்டும்" என்பதை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இணையதளம் வடிவமைக்கும் இளைஞர் ஒருவர், அடுத்த பணி பெரியது என்று வாடிக்கையாளர் நிறுவனத்தின் அதிகாரி தந்த வாக்குறுதியை நம்பி, வேலையில் ஒரு பக்கத்தைக்கூடக் குறைக்காமல் கட்டணத்தில் மட்டும் 20 விழுக்காட்டை அன்றிரவே விட்டுக்கொடுத்தார். 100 வாங்கிய இடத்தில் செலவு 50 என்றால், 80 வாங்கும்போது மிச்சம் 50லிருந்து 30ஆகிறது. அதாவது கட்டணத்தில் 20 விழுக்காடு போனதால் மிச்சத்தில் 40 விழுக்காடு போய்விட்டது. அடுத்த பணி வந்தபோது வாக்குக் கொடுத்த அதிகாரி வேறு பிரிவுக்கு மாறியிருந்தார். கணக்குப் பிரிவின் கோப்பில் 80 என்பதே இவருடைய கட்டணமாகப் பதிந்திருந்தது. பழைய தொகையைத் திரும்பக் கேட்டது 25 விழுக்காட்டு உயர்வாகத் தெரிந்ததால், பேராசைக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சியது. இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதே கொடுமை.

பட்ஜெட் உண்மையிலேயே குறைவென்றால் வேலையைக் குறைக்க வேண்டும்: பத்துப் பக்கம் எட்டாகலாம், மூன்று முறை திருத்தம் ஒரு முறையாகலாம். சலுகை தந்தே ஆக வேண்டுமென்றால், பில்லில் முழுக் கட்டணத்தையும் காட்டி, சலுகையை இப்பணிக்கு மட்டும் என்று தனி வரியில் கழிக்க வேண்டும். வேலை குறையாது, கெடு நீளாது, பணமும் முன்கூட்டி வராது, கட்டணம் மட்டும் குறைய வேண்டும் என்பவரை அங்கேயே மறுத்துவிடுவது நல்லது.

மறுப்புக்கு நீண்ட விளக்கம் எழுதுவது

இரண்டு வரி போதும்.

கையிருப்பு இல்லாத நாளில் முடிவெடுப்பது

சில மாதச் செலவுக்குப் பணம் வைத்திராதவரால் மறுக்க முடியாது.

எல்லாவற்றையும் மறுப்பது

வேலையற்ற வாரங்களில், வழக்கமான கட்டணத்துக்குக் கீழும் அடிமட்டத்துக்கு மேலும் ஒரு தொகை வந்தால் ஏற்கலாம். ஆனால் அப்பணிக்கு முடிவுத் தேதி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக் கட்டணத்தோடு வருபவருக்குக் கொடுக்க நேரம் இருக்காது.