வாட்ஸ்அப்பில் வந்த ஷேர் காலிபுடையதுதானா? சரிபார்க்கும் வழி

உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் (1797–1869) பெயர் போட்டு வரும் ஷேரை, அதாவது ஈரடியை, நம்புவதற்கு முன் மூன்று கல்லில் உரசிப் பார்க்கலாம்: இயைபு, ஓசை, திவான் (கவிஞரின் கவிதைத் தொகுப்பு). உருது எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேவநாகரி படித்தால் போதும். தமிழ் எழுத்தை மட்டும் நம்பித் தேடாதீர்கள். க்வாஹிஷ், கம், காலிப் மூன்றும் உருதுவில் வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன. நமக்கு மூன்றும் 'க'தான்.

முதலில் இயைபு. கஸல் என்பது ஷேர்களின் தொடர். அதன் ஒவ்வொரு ஷேரிலும் இரண்டாம் அடி பொதுவாக ஒரே சொல்லில் (அல்லது சொற்றொடரில்) முடியும், அது ரதீஃப். அதற்குச் சற்று முன் இயைந்து வருவது காஃபியா. கஸலின் முதல் ஷேரில் இரண்டு அடிக்கும் இவை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த காலிப் ஷேர் ஒன்றை எடுப்போம்:

ஹஸாரோங் க்வாஹிஷேங் ஐசீ கி ஹர் க்வாஹிஷ் பெ தம் நிக்லே
பஹுத் நிக்லே மிரே அர்மான் லேகின் ஃபிர் பி கம் நிக்லே

'நிக்லே' ரதீஃப், தம், கம் காஃபியா. இதோடு, முகத்தில் தூசி இருக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான் காலிப் என்று சுற்றும் ஷேரை வைத்துப் பாருங்கள். அதன் இரண்டு அடியும் 'கர்தா ரஹா' என்று முடிகிறது. அதற்கு முன் நிற்பவை 'பூல்', 'சாஃப்'. எங்கே இயைகிறது? இந்த இடத்திலேயே அதைத் தள்ளிவிடலாம். காலிப் என்ற பெயர் அடிக்குள் இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கவிஞர் பெயர் (தகல்லுஸ்) பொதுவாகக் கஸலின் கடைசி ஷேரில்தான் வரும். பெயரைச் செருகுவது யாருக்கும் எளிது, காஃபியா பிடிப்பதுதான் கடினம். 'அஸத்' என்று பெயர் வந்தாலும் கவனம் தேவை. காலிப் முதலில் வைத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான், ஆனால் அதே பெயரில் வேறு கவிஞரும் எழுதியிருக்கிறார்.

அடுத்து ஓசை. யாப்பு தெரிந்த தமிழருக்கு இது கைவந்த வேலை. மேலே உள்ள முதல் அடியைப் பிரித்தால்:

ஹஸாரோங்க்வா | ஹிஷேங்ஐசீ | கிஹர்க்வாஹிஷ் | பெதம்நிக்லே

நிரை நேர் நேர், நான்கு முறை. நம் கணக்கில் நான்கு புளிமாங்காய். இரண்டாம் அடியும் அப்படியே:

பஹுத்நிக்லே | மிரேஅர்மா | னலேகின்ஃபிர் | பிகம்நிக்லே

இரண்டைக் கவனியுங்கள். 'மேரே' என்று எழுதினால் இரண்டாம் சீர் நேரில் தொடங்கி ஓசை உடையும். 'மிரே' என்று குறுக்க வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 'மேரே'தான் இருக்கிறது. 'அர்மான்' என்பதன் கடைசி மெய் ஒரு குறில் அளவு பெற்று அடுத்த சீருக்குப் போகிறது. இது பிடிபடாமல் எண்ணினால் நல்ல அடியையும் பிழை என்று தள்ளிவிடுவீர்கள். அதனால் ஓசை சற்று இடறியதும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு அடியும் நீளத்திலேயே ஒவ்வாமல் போனால்தான் சந்தேகம்.

இரண்டிலும் தேறிவிட்டால் காலிபுடையது என்றாகிவிடுமா? ஆகாது. காஅபாவின் திரையை விலக்காதே என்று தொடங்கும் ஒரு ஷேர் இதே கஸலோடு சேர்த்துப் பாடப்படுகிறது. அதன் காஃபியா 'சனம்', ரதீஃப் 'நிக்லே', ஓசையும் அதே. ஆனால் காலிபின் திவானில் அது இல்லை; பகதூர் ஷா ஜஃபருடையது என்று சொல்லப்படுகிறது. ஒரே ஓசையும் இயைபும் கொண்ட களத்தை உருதுவில் ஜமீன் என்பார்கள். ஒருவர் ஜமீனில் இன்னொருவர் பயிரிடுவது அங்கே வழக்கம்தான், குற்றமில்லை.

ஆக, கடைசி வார்த்தை திவானுடையது. அதில் கஸல்கள் கால வரிசையில் இல்லை, ரதீஃபின் கடைசி எழுத்து வரிசையில் இருக்கின்றன. அதனால் இரண்டாம் அடியின் முடிவைப் பார்த்துத் தேடுங்கள். 'நிக்லே' முடிவது 'யே' எழுத்தில். அது உருது நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, திவானின் கடைசிப் பகுதி. அந்தப் பகுதிதான் மிகப் பெரியது, பொறுமை வேண்டும். வழக்கத்திலுள்ள திவானின் 234 கஸல்களையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சஸ் பிரிட்செட் தேவநாகரியிலும் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறார். தொடக்கக்காரருக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

அங்கே இல்லையென்றால் உடனே போலி என்று எழுதிவிடாதீர்கள். காலிப் தன் இளமைக் கவிதைகளில் நிறையக் கழித்துவிட்டுத்தான் 1841-இல் திவானை முதன்முதலாக அச்சிட்டார். கழித்தவற்றில் பல 1821-ஆம் ஆண்டுக் கைப்பிரதியில் இருந்தன. அது போபாலில் கிடைத்து, 1921-இல் 'நுஸ்கா-ஏ-ஹமீதியா' என்று அச்சேறியது. இம்தியாஸ் அலி அர்ஷியின் 1958 பதிப்பு கழித்தவை, திவானில் உள்ளவை, உதிரிகள் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. மூன்றிலும் இல்லாத உருது ஷேரைக் காலிப் தலையில் கட்ட வேண்டாம்.

ஷேர் அசல்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு பிழை நடக்கும்: திவானின் வரிசையை வாழ்க்கை வரிசையாக எடுத்துக்கொள்வது. புத்தகத்தின் முதல் கஸல் அவர் 20 வயதை ஒட்டி எழுதியது; அது தொடக்கப் பகுதியில் நிற்பது 'கா' என்று, அதாவது நெடுங்கணக்கின் முதல் எழுத்தான அலிஃபில், முடிவதால்தான். கால வரிசை வேண்டுமானால் காளிதாஸ் குப்தா ரஸாவின் பதிப்பைப் பாருங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் அச்சான ஆண்டுகளையே வேலியாக வையுங்கள்: 1841, 1847, 1861, 1862, 1863. 1857-இல் டெல்லி அழிந்த துயரம் என்று யாராவது ஒரு ஷேருக்கு உரை சொன்னால், அது 1847 பதிப்பிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.