மூன்று நடனம், ஒரே மேடை: பாலே கலவை நிகழ்ச்சியை ஊர் ஊராகக் கொண்டுபோகும் முறை

ஒரே மாலையில் மூன்று நவீனப் படைப்புகளை ஆடும் குழு, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எதற்குப் பின் எது என்று முடிவு செய்துவிட வேண்டும். ரசனையை மட்டும் பார்த்து வரிசை போட்டால் இடைவேளை நீண்டு, சூடேறிய உடல்கள் ஆறிப்போகும். ஒவ்வொரு நடனமும் முடியும்போது தரை எந்த நிலையில் இருக்கும் என்பதையே முதலில் பாருங்கள்.

இங்கிலிஷ் நேஷனல் பாலே 2017இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் சேர்த்து ஆடிய மூன்றை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஃபோர்சைத்தின் ‘இன் தி மிடில், சம்வாட் எலிவேட்டட்’ (1987) விரல்நுனியில் நிற்க உதவும் கடினமுனைப் பாயின்ட் காலணியில், மின்னணு இசைக்கு ஆடுவது. மேடை வெறுமை, மேலே தொங்கும் இரண்டு பொன்னிறச் செர்ரிகளுக்கு, மேடைக்கு மேலே பொருள்களைத் தொங்கவிடும் கம்பிகளில் ஒன்றை ஒதுக்கினால் போதும். ஹான்ஸ் வான் மானனின் ‘அடாஜியோ ஹாமர்க்ளாவியர்’ (1973) பீத்தோவனின் பியானோ இசைக்கு மூன்று ஜோடிகள் ஆடுவது. பியானோவை நேரில் வாசிப்பதானால், அதை இடத்தில் வைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் நகர்த்தும்போது கலைந்துவிடும்.

பினா பௌஷின் ‘வசந்தத்தின் சடங்கு’ (1975) மேடை முழுக்கப் பரப்பிய பீட் எனும் சதுப்புநில மண்மேல் ஆடப்படுவது. மண் கொட்டிய தரையில் அன்றிரவு வேறெதையும் ஆட முடியாது. எனவே அது கடைசி. நீண்ட இடைவேளை அதற்கு முன்னால். கீழே தடித்த துணி விரித்து, ஓரங்களை இறுக்கிய பிறகே மண்ணைக் கொட்டுங்கள். தூசி எழாத அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் கால் வழுக்கும், காய்ந்தால் ஆடுபவர்களின் மூச்சுக்குள் போகும்.

காகிதப் பனி கொட்டும் படைப்பு என்றால் அதை இடைவேளைக்கு முந்தைய இடத்தில் வையுங்கள். காகிதத் துணுக்குகள் நிரப்பி மேலே தொங்கவிட்ட பனிப் பையின் கம்பியைக் குலுங்காமல் உயர்த்திக் கட்டாவிட்டால் அடுத்த நடனத்தின் நடுவே துணுக்குகள் உதிரும்.

அரங்குக்கு வந்ததும் மேல்விளக்குகளை முதலில் தொங்கவிடுங்கள். ஏணிகளும் தூக்கிகளும் போன பிறகே மார்லி எனப்படும் வினைல் விரிப்பு. 12 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழமுள்ள மேடைக்கு 2 மீட்டர் அகலச் சுருளைக் குறுக்கே விரித்தால் ஐந்து வேண்டும். விரித்தவுடன் ஒட்டக் கூடாது. குளிர்ந்த லாரியிலிருந்து வந்த வினைல் விளக்குச் சூட்டில் விரியும்; விளிம்போடு விளிம்பு இறுக்கி ஒட்டினால் குமிழ் எழுந்து பாயின்ட் காலணியின் நுனி சிக்கும். தட்டையாகப் படியவிட்டு, இணைப்பில் ஓரிரு மில்லிமீட்டர் இடம் விட்டு ஒட்டுங்கள். அடியில் வெறும் கான்கிரீட் என்றால் அந்த மேடையை ஏற்கவே கூடாது. மேலே எதை விரித்தாலும் குதித்து இறங்கும் முழங்காலையும் கணுக்காலையும் அது காப்பாற்றாது.

குங்கிலியப் பொடியை வினைலில் தூவ விடாதீர்கள். பாயின்ட் நடனத்தில் பிடிப்புத் தரும் அதே பொடி, அடுத்ததில் சாக்ஸ் அணிந்து சறுக்குபவரைத் திடீரென்று நிறுத்தி முழங்காலைத் திருகிவிடும். துடைக்கும் நீரில் சோப்பு மிஞ்சினாலும் ஆபத்துதான். கடைசியாக ஒருமுறை வெறும் தண்ணீரில் துடையுங்கள்.

நடனத்துக்கு உயிர் பக்கவிளக்கு. மேடையின் இரு பக்கமும் உள்ள திரைமறைவு வழிகளான சிறகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பம்: கணுக்காலுக்குச் சற்று மேலே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. கீழ்விளக்கின் ஒளி தரையில் படாமல் வெட்டினால் உடல் மட்டும் இருளில் மிதப்பதுபோல் தெரியும். மூன்று நடனத்துக்கும் இதே கம்பங்கள் பொதுவாக இருக்கட்டும், வண்ணம் மட்டும் மாறட்டும்.

பிறகு, ஆடுபவர்கள் இந்த மேடையில் தங்கள் இடங்களைப் பழகும் இட ஒத்திகை. மேடை நடுவையும், அகலத்தில் நான்கில் ஒரு பங்கு வரும் இடங்களையும் முன்விளிம்பில் குறியுங்கள். பழைய அரங்குகள் சிலவற்றில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும். சுழற்சிகள் முன்னோக்கி நழுவும் என்பதால் அங்கே ஆடுபவர்களின் அன்றாடக் காலைநேரப் பயிற்சி வகுப்பை மேடையிலேயே வைப்பது அவசியம்.

கலைக்கும்போது ஒட்டுநாடாவை முழுக்க உரித்துவிட்டே சுருட்டுங்கள், மடிக்கக் கூடாது. ஒவ்வொரு சுருளுக்கும் எண் எழுதினால் அடுத்த ஊரில் அதே வரிசையில் விரிக்கலாம்.