சொல்லிச் செய்வித்த வேட்டை ரைஃபிளின் மறுவிற்பனை மதிப்பைக் கணிப்பது எப்படி?

ஒருவர் தமக்கெனச் சொல்லிச் செய்வித்த ரைஃபிளுக்குக் கொடுத்த தொகை, விற்கும்போது முழுதாகத் திரும்பி வருவது அரிது. அந்தத் தொகையில் பெரும்பங்கு அவருடைய தோள் அளவுக்கும் ரசனைக்கும் செலவானது. வாங்க வருபவர் அதற்குப் பணம் தரமாட்டார். ஆகவே பழைய ரசீதில் உள்ள தொகையை விலையாகக் கொள்ளாமல், செய்தவர் யார் என்பதற்குச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்த பிறகு, குழலின் மேலும் தோளில் பொருத்திப் பிடிக்கும் மரக்கட்டையைக் கழற்றினால் தெரியும் அடிப்பகுதியிலும் செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலையை மிகுதியாக உயர்த்துவது பெயர்பெற்ற கைவினைஞரின் முத்திரைதான். அது இல்லாத ரைஃபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெரும்பாலும் உதிரிப் பாகங்களின் விலையை ஒட்டியே போகும்.

அடுத்து ஆக்‌ஷன். தோட்டாவை ஏற்றிப் பூட்டி, சுட்டபின் கூட்டை வெளியே தள்ளும் இயந்திரப் பகுதி இது. மௌசர் 98, 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ஆகியவற்றை வாங்குபவர்கள் தேடி வருகிறார்கள்; பின்னதில் தோட்டாவை உறுதியாகப் பற்றி இழுக்கும் பெரிய நகப்பிடி இருந்தது, 1964-இல் அந்த அமைப்பு மாறியது. அமெரிக்க ராணுவ ரைஃபிளான ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-இன் ஆக்‌ஷன் மேல் கட்டிய பழைய ரைஃபிள்களில் மட்டும் வரிசை எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்கும் கீழ்ப்பட்ட எண்களில், எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தே கணித்ததால், சிலவற்றின் எஃகு அளவுக்கு மேல் சூடேறி நொறுங்கும் தன்மை பெற்றது. அத்தகையதில் எத்தனை நுண்ணிய செதுக்கு வேலை இருந்தாலும், சுடுவதற்கான கருவி என்ற விலையை நான் அதற்குத் தரமாட்டேன்.

தோட்டா வகையும் முக்கியம். 1906-இல் வந்த .30-06, 1912-இன் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1925-இன் .270 வின்செஸ்டர் போன்றவை எளிதில் விலை போகும். கடையில் கிடைக்காத, உரிமையாளரே தோட்டா தயாரித்துக்கொள்ள வேண்டிய வகையாக இருந்தால், வாங்குபவர்கள் சிலராகிவிடுவர். தயாரிப்புக் கருவிகளையும் வெற்றுக் கூடுகளையும் சேர்த்துக் கொடுத்தால் இழப்பு ஓரளவு குறையும்.

வால்நட் கட்டையில் மணிக்கட்டுப் பகுதியின், அதாவது விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தின், ரேகைகள் நீளவாக்கில் ஓடுகின்றனவா, ஆக்‌ஷனின் வால்முனைக்குப் பின்னால் விரிசல் உண்டா என்று கவனியுங்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 13.5 அங்குலத்தை ஒட்டியிருந்தால் பலருக்கும் பொருந்தும்; மிகக் குட்டையாக வெட்டியது, இடக்கையர்க்கானது, உரிமையாளரின் பெயரெழுத்துப் பொறித்தது ஆகியவை வாங்குபவர்களைக் குறைக்கும். மெருகு புதிதாக மின்ன, எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், யாரோ தேய்த்து மறுபூச்சு செய்திருக்கிறார்கள். குழலின் உட்புறத்தையும் தோட்டா அமரும் இடத்தின் அளவையும் துப்பாக்கி வல்லுநர் ஒருவர் கருவி கொண்டு பார்ப்பதே சரி.

இறுதியாக, விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலங்களில் அதே கைவினைஞரின் ரைஃபிள்கள் உண்மையில் விற்ற தொகையைத் தேடுங்கள். அதில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் தரகு சேர்ந்திருக்கலாம் என்பதால், அதையும் விற்பவர் தர வேண்டிய தரகையும் கழித்த பிறகு மிஞ்சுவதே கைக்கு வரும் பணம்.