மேகத்துக்குள் ஒற்றை ஆளாக ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர்லைன் விமானத்தில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் ரேடியோவையும் செக்லிஸ்ட்டையும் கவனிப்பார். சின்ன விமானத்தில் தனியாகப் பறக்கும் நமக்கு அந்த இன்னொருவர் கிடையாது. வெளியே தெரிகிற நாளில் சமாளித்துவிடலாம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும்போதுதான் பிடி இறுகும்.

பெரிய தவறு, கடைசி நேரப் பரபரப்பில் நடப்பதே இல்லை. அரை மணி முன்னால், ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறோமே, அப்போதே நடந்துவிடுகிறது. வானிலைப் பதிவைக் கேட்பது, அப்ரோச் சார்ட்டை (ரன்வேயை நோக்கி இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தை) படிப்பது, ரேடியோ ஃப்ரீக்வென்சிகளைப் போட்டுவைப்பது, ரன்வே தெரியாவிட்டால் எந்த உயரத்துக்கு ஏறி எந்தப் பக்கம் திரும்புவது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது: எல்லாம் அந்தச் சும்மா இருக்கும் நேரத்து வேலை. தள்ளிப்போட்டால் அத்தனையும் கடைசி ஐந்து கடல் மைலில் வந்து குவியும். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் அது வெறும் 3 நிமிடம் 20 வினாடி.

அடுத்தது, ஏடிசி, அதாவது தரையிலிருந்து விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது. இறங்கும் நேரத்தில் ஒருமுறை எனக்கு ரன்வேயை மாற்றிச் சொன்னார்கள். கையால் ஓட்டிக்கொண்டே ஜிபிஎஸ்ஸில் புது அப்ரோச்சைத் தேட ஆரம்பித்தேன். குமிழைத் திருகி, பட்டியலில் இறங்கி, தவறானதை அழுத்தி, மறுபடி முதலிலிருந்து. நிமிர்ந்தால் விமானம் இடப்பக்கம் 25 டிகிரி சாய்ந்து, 200 அடி இறங்கியிருந்தது. உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. மெதுவாகச் சாயும்போது உள்காது அதைக் கண்டுகொள்ளாது. ‘ஸ்டாண்ட்பை’ என்றோ, ‘முடியாது, ஹோல்டிங் (ஓரிடத்தில் சுற்றிக் காத்திருக்க அனுமதி) கொடுங்கள்’ என்றோ சொல்லியிருக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் என்ன இருக்கிறது?

ஒரே விஷயத்தில் கண் ஒட்டிக்கொள்வது அனுபவசாலிகளையும் விடாது. 1972 டிசம்பரில் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் மியாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்தவர்கள் அதிலேயே மூழ்கியிருந்தார்கள். உயரத்தைப் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட் அமைப்பு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பல்பு!

ஆட்டோபைலட் பொத்தானை அமுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்த மோடில் இருக்கிறது என்பதைத் திரையில் எழுத்தாகப் படியுங்கள். ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னலான ஐஎல்எஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது, பாதையைக் காட்டும் ஊசி இன்னும் ஜிபிஎஸ்ஸைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். மாற்ற மறப்பவர்கள் ஏராளம். திரும்பிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுப்பதும் வேண்டாம். சட்டென்று தலை அசைந்தால் விமானமே உருள்வது போலத் தோன்றும். இன்னொரு பென்சிலைச் சட்டைப் பையில் வையுங்கள்.

இறங்குவதா, மறுபடி ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரத்தில் ரன்வே தெரியவில்லையா? பலருக்கும் கை முதலில் மைக் பட்டனுக்குத்தான் போகும். பவரை முழுதாகக் கொடுத்து மூக்கைத் தூக்குங்கள், விமானம் ஏறுகிறது என்று உயரமானி காட்டட்டும், ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவைத்த பலகையை) படிப்படியாக எடுங்கள். அதுவரை கன்ட்ரோலர் காத்திருப்பார்.